பொது வடிவத்தில் புதிய எக்ஸ்டென்ஷன் ஹெடர் அமைத்தால் பாக்கெட் போய்ச் சேருமா?

மன்னார்குடி பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் கேட்டிருப்பது இது. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் (வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடம்) தொடங்கி, பாமணி ஆறு, கோரையாறு வழியே கடைமடை வரை இருக்கும் ரெகுலேட்டர்களில் (நீரை அளந்து விடும் மதகுகளில்) நீர்மட்ட சென்சார் வைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு சென்சாரும் தன் அளவை ஐபிவி6 (இணைய நெறிமுறையின் புதிய பதிப்பு) பாக்கெட்டாக அனுப்பும். ரெகுலேட்டர் எண்ணையும் நீர்மட்டத்தையும் தாங்களே வடிவமைக்கும் ஒரு புதிய எக்ஸ்டென்ஷன் ஹெடரில், அதாவது பாக்கெட்டின் அடிப்படை ஹெடருக்குப் பின்னால் சேரும் கூடுதல் தகவல் பகுதியில், வைக்க ஆசை. ஆர்எஃப்சி 6564 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் பொது வடிவத்தில் அமைத்துவிட்டால், அந்த ஹெடரை அறியாத ரூட்டரும் ஃபயர்வாலும் அதைத் தாண்டிப் படித்துவிட்டுப் பாக்கெட்டை அனுப்பிவிடும் என்கிறார் பேராசிரியர். எக்ஸ்டென்ஷன் ஹெடர் வைத்த எதுவுமே இணையத்தில் போய்ச் சேராது என்கிறார் உடன் படிக்கும் நண்பர். இருவரில் யார் சொல்வது சரி?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வடிவம் பொதுவாக இருந்தால், அந்த ஹெடரை முன்பின் பார்த்திராத கருவியால் அதைத் தாண்டிப் படிக்க முடியுமா என்பது ஒன்று. படிக்க முடிந்தாலும் அனுப்புமா என்பது இன்னொன்று. பேராசிரியர் முதல் கேள்விக்குப் பாதி சரியான பதிலைச் சொல்கிறார். நண்பர் இரண்டாவதைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். தஞ்சாவூரில் இருந்தபடி இணையச் சேவை வலையமைப்புகளின் ஐபிவி6 பக்கத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ரூட்டர், ஃபயர்வால், அவற்றுக்கு நடுவில் காணாமல் போகும் பாக்கெட் ஆகியவைதான் என் அன்றாட வேலை. அதை வைத்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய ஹெடர் வேண்டாம். ஐபி அடுக்கில் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கிற டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் ஹெடருக்குள் (போய்ச் சேரும் கணினிக்கான தகவலைச் சுமப்பது) ஒரு ஆப்ஷனாக வையுங்கள். அதையும் உங்கள் சொந்த வலையமைப்புக்குள் மட்டும் நம்புங்கள். இனி காரணங்கள்.

ஐபிவி4-இல் ஹெடரின் நீளமே மாறக்கூடியது. ஆப்ஷன்கள் சேரச் சேர 20 பைட்டிலிருந்து 60 பைட் வரை போகும். ஐபிவி6 அமைத்தவர்கள் அடிப்படை ஹெடரை 40 பைட் என்று நிலையாக வைத்துவிட்டு, கூடுதல் தகவல் எல்லாவற்றையும் அதன் பின்னால் தனித்தனி ஹெடர்களாகத் தொடுத்தார்கள். 1995-இல் ஆர்எஃப்சி 1883, 1998-இல் 2460, 2017-இல் 8200 என்று மூன்று பதிப்புகளிலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு ஹெடரிலும் ‘நெக்ஸ்ட் ஹெடர்’ என்ற ஒரு பைட் இருக்கும். அடுத்து வருவது என்ன என்பதை அதில் உள்ள எண் சொல்லும். 6 என்றால் டிசிபி, 17 என்றால் யுடிபி (இரண்டும் பயனர் தரவைச் சுமக்கும் மேலடுக்கு நெறிமுறைகள்), 43 என்றால் ரூட்டிங் ஹெடர், 44 என்றால் ஃப்ராக்மென்ட் (துண்டாக்கிய பாக்கெட்டுக்கானது), 60 என்றால் டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ். டிசிபியோ யுடிபியோ எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் இந்தச் சங்கிலியை முதலிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கடந்துதான் வர வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

ஒரு கண்ணியைக் கடக்க அதன் நீளம் தெரிய வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹாப்-பை-ஹாப் (வழியில் உள்ள ரூட்டர்களும் பார்க்கக்கூடியது), ரூட்டிங், டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் மூன்றிலும் இரண்டாவது பைட்தான் நீளம். எட்டு பைட் கொண்ட அலகுகளில், முதல் எட்டைச் சேர்க்காமல் எண்ணுவது. அங்கே 0 என்றிருந்தால் ஹெடர் 8 பைட், 1 என்றால் 16. ஃப்ராக்மென்ட் ஹெடருக்கு நீளப் புலமே இல்லை, எப்போதும் 8 பைட். அதன் இரண்டாவது பைட் ஒதுக்கிவைக்கப்பட்டது, 0 என்று அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் அதைப் பொது வடிவமாக நினைத்துப் படித்தாலும் தற்செயலாகச் சரியான விடை வந்துவிடும். ஏஎச் என்கிற அங்கீகார ஹெடரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் நீளம் நான்கு பைட் அலகில், இரண்டைக் கழித்து எழுதப்படுவது. 96 பிட் சரிபார்ப்பு மதிப்பு கொண்ட ஏஎச் மொத்தம் 24 பைட். அதன் நீளப் புலத்தில் 4 என்று இருக்கும். அதையே எட்டு பைட் அலகு என்று நினைத்துப் படித்தால் 40 பைட் என்று விடை வரும். 16 பைட் தள்ளி, டிசிபி ஹெடரின் நடு வயிற்றில் போய் நிற்பீர்கள். அங்கே உள்ள எண்களைப் போர்ட் எண் (எந்தச் செயலிக்கான தரவு என்று சொல்வது) என்று நம்பி ஒரு ஃபயர்வால் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இஎஸ்பி என்கிற குறியாக்க ஹெடர் இன்னும் ஒரு படி மேலே. அதன் முதல் பைட்டே நெக்ஸ்ட் ஹெடர் கிடையாது. அந்த எண் பாக்கெட்டின் வால் பகுதியில், குறியாக்கத்துக்குள் இருக்கிறது. சாவி இல்லாத யாரும் தாண்ட முடியாது.

இப்படி ஆளுக்கொரு வடிவம் இனியும் பெருகக் கூடாது என்பதற்காக வந்ததுதான் ஆர்எஃப்சி 6564. 2012 ஏப்ரலில் வெளியானது, முதல் ஆசிரியர் சுரேஷ் கிருஷ்ணன். சில பக்கங்கள்தான், உட்கார்ந்து படித்துவிடலாம். இனிமேல் யார் புதிய எக்ஸ்டென்ஷன் ஹெடர் வகுத்தாலும் முதல் பைட் நெக்ஸ்ட் ஹெடர், இரண்டாவது பைட் எட்டு பைட் அலகில் நீளம், அதன் பின் அந்த ஹெடருக்கே உரிய தரவு என்ற வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது அது. நீளப் புலம் ஒரு பைட் என்பதால் ஒரு ஹெடர் அதிகபட்சம் 2048 பைட் வரை போகலாம். பழைய ஹெடர்களை அது தொடவில்லை. ஏஎச், இஎஸ்பி, ஃப்ராக்மென்ட் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன.

பேராசிரியர் சொல்வது இந்தப் பகுதியைத்தான். ஆனால் அதே ஆவணத்தில் இன்னொரு விதியும் உண்டு, அதைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள ஹெடரில் ஒரு புதிய ஆப்ஷன் சேர்த்துக் காரியம் ஆகும் என்றால் புதிய ஹெடரே வகுக்கக் கூடாது. வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் பார்க்க வேண்டும் என்று கேட்கும் புதிய ஹெடரும் கூடாது. இதெல்லாம் பின்னால் ஆர்எஃப்சி 8200-இன் 4.8 பகுதிக்குள் வந்துவிட்டது. புதிய ஹெடருக்குப் பதிலாக டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸைப் பயன்படுத்தச் சொல்கிறது அந்தப் பகுதி. ஆக வடிவத்தைத் தரப்படுத்திய ஆவணமே, முடிந்தவரை அந்த வடிவத்தைப் பயன்படுத்தும் தேவை வராமல் பார்த்துக்கொள் என்றுதான் சொல்கிறது. பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் நடந்தார்கள். செக்மென்ட் ரூட்டிங்கை (போக வேண்டிய வழியைப் பாக்கெட்டிலேயே குறிக்கும் முறை) ஐபிவி6-இல் கொண்டுவந்தபோது தனி ஹெடர் கேட்கவில்லை. இருக்கிற ரூட்டிங் ஹெடரில் 4 என்று ஒரு புதிய வகை வாங்கிக்கொண்டார்கள். அது 2020-இன் ஆர்எஃப்சி 8754.

சரி, வடிவம் பொதுவாகிவிட்டது, இனி தெரியாத ஹெடரையும் தாண்டலாம் அல்லவா? இங்கேதான் பேராசிரியரின் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. தெரியாத ஹெடரைத் தாண்ட, அது ஹெடர்தான் என்பது முதலில் தெரிய வேண்டும். நெக்ஸ்ட் ஹெடர் பைட்டில் வரும் எண்கள் எக்ஸ்டென்ஷன் ஹெடர்களுக்கு மட்டுமானவை கிடையாது. டிசிபி, யுடிபி, எஸ்சிடிபி என்று மேலடுக்கு நெறிமுறைகளுக்கும் சேர்த்து ஒரே எண் பட்டியல்தான். உங்கள் ஹெடருக்கு ஏதோ ஒரு எண் வைக்கிறீர்கள். பழைய ஃபயர்வால் ஒன்று அதைப் பார்க்கிறது. அது புதிய எக்ஸ்டென்ஷன் ஹெடரா, தான் கேள்விப்படாத புதிய டிரான்ஸ்போர்ட் நெறிமுறையா? எண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது.

தெரியாததை எல்லாம் எக்ஸ்டென்ஷன் ஹெடர் என்றே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்த ஃபயர்வாலை எளிதாக ஏமாற்றலாம். டிசிசிபி, யுடிபி-லைட் போன்ற டிரான்ஸ்போர்ட் நெறிமுறைகளில் முதல் இரண்டு பைட் அனுப்புநரின் போர்ட் எண். போர்ட் எண்ணை 1536 என்று வைத்தால் முதல் பைட் 6, இரண்டாவது பைட் 0 என்று அமையும். பொது வடிவத்தில் படித்தால் ‘அடுத்தது டிசிபி, இந்த ஹெடரின் நீளம் 8 பைட்’ என்று பொருள். அதாவது ஒரு போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்தே, இல்லாத டிசிபி ஹெடரை ஃபயர்வால் கண்ணில் காட்டிவிடலாம். இதனால்தான் பொறுப்பாக எழுதிய எந்த மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் எக்ஸ்டென்ஷன் ஹெடர்களைத் தாண்டுவதற்கென்றே ஒரு ஃபங்ஷன் உண்டு. தனக்குத் தெரிந்த சில எண்களின் பட்டியலில் இருந்தால் மட்டுமே அது தாண்டும். ஃப்ராக்மென்ட் என்றால் 8 பைட், ஏஎச் என்றால் நான்கு பைட் கணக்கு, மற்றவற்றுக்கு எட்டு பைட் கணக்கு. பட்டியலில் இல்லாத எண் வந்தால் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் எவ்வளவு அழகாகப் பொது வடிவத்தில் அமைத்தாலும் அந்த வடிவத்தை அது படிக்கவே போவதில்லை.

இந்த ஓட்டை தரத்தை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. எல்லாப் புதிய ஹெடர்களுக்கும் ஒரே ஒரு எண் ஒதுக்கி, உள்ளே துணை வகை என்று ஒரு புலம் வைக்கலாம் என்ற யோசனை வரைவு நிலையிலேயே இருந்தது. பின்னாளில் வேறு ஆட்களும் அதே யோசனையை வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். தரமாக நிலைபெறவில்லை. என் கருத்தில் அது வந்திருக்க வேண்டும். ஒரே எண்ணாக இருந்திருந்தால் ஃபயர்வால்களுக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்தால் போதும், அதற்குப் பின் வருகிற அத்தனையையும் தாண்டத் தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக 2013 டிசம்பரில் ஆர்எஃப்சி 7045 வந்தது. எந்தெந்த எண்கள் எக்ஸ்டென்ஷன் ஹெடர் என்று, இந்த எண்களைப் பராமரிக்கும் அமைப்பான ஐயானாவின் பட்டியலில் தனியாகக் குறிக்கச் செய்தது. கருவிகளைப் புதுப்பிப்பவர்களுக்கு அது உதவுகிறது. ஏற்கெனவே எங்கோ ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அந்தப் பட்டியல் போய்ச் சேராது. மேலும், அறியாத ஹெடரை அனுமதிக்கும் வசதி கருவியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே ஆர்எஃப்சி, இயல்பு அமைப்பில் அப்படிப்பட்ட பாக்கெட்டைக் கைவிடலாம் என்றும் அனுமதிக்கிறது. பெரும்பாலான நிர்வாகிகள் இயல்பு அமைப்பை மாற்றுவதில்லை. நான் பார்த்த தளங்களில் மாற்றியிருந்தவை அரிது.

வழியை விடுங்கள், போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். புதிய ஹெடருக்கு எதிராக எனக்குள்ள வலுவான வாதம் இதுதான். பாக்கெட்டைப் பெறும் கணினிக்கு நெக்ஸ்ட் ஹெடர் எண் தெரியவில்லை என்றால், அது பாக்கெட்டைக் கைவிட்டு, ஐசிஎம்பி வழியாக ‘அறியாத நெக்ஸ்ட் ஹெடர்’ என்று பிழைச் செய்தி அனுப்ப வேண்டும். அதுதான் விதி. அதாவது உங்கள் சர்வரின் கெர்னலையே நீங்கள் மாற்றி எழுதாவிட்டால், வழியெல்லாம் தப்பித்து வந்த பாக்கெட்டும் வாசலில் செத்துவிடும். ஆப்ஷனுக்கு இந்தக் கதி இல்லை. ஒவ்வொரு ஆப்ஷனின் வகை எண்ணிலும் முதல் இரண்டு பிட்கள், தெரியாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதையே சொல்லிவிடுகின்றன. 00 என்றால் தாண்டிப் போ. 01 என்றால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கைவிடு. 10 என்றால் கைவிட்டு ஐசிஎம்பி அனுப்பு. 11 என்றாலும் அப்படியே, ஆனால் மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே நேரத்தில் பலருக்குப் போவது) வந்திருந்தால் ஐசிஎம்பி வேண்டாம். மூன்றாவது பிட், வழியில் அந்தத் தரவு மாறலாமா கூடாதா என்பதைச் சொல்கிறது. தெரியாததைத் தாண்டும் ஒழுங்கு ஆப்ஷன் அளவில் முதலிலிருந்தே ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது. ஹெடர் அளவில்தான் விட்டுப்போனது.

இந்த இரண்டு பிட்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் சென்சார் உலகத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் வலையமைப்புகளுக்கான ஆர்பிஎல் ரூட்டிங் நெறிமுறை, தன் தகவலை ஒரு ஹாப்-பை-ஹாப் ஆப்ஷனாக வைத்தது. 2012-இல் ஆர்எஃப்சி 6553 அதற்குக் கொடுத்த வகை எண், பத்தடிமானத்தில் 99. அதன் முதல் இரண்டு பிட் 01, அதாவது தெரியாவிட்டால் கைவிடு. வலையமைப்புக்குள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று வைத்தது. ஆனால் ஒரு பாக்கெட் சென்சார் வலையமைப்பை விட்டு வெளியே போனால், ஆர்பிஎல் அறியாத முனையம் அதை வாங்கிய உடனே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. 2021-இல் ஆர்எஃப்சி 9008 அந்த எண்ணை 35 என்று மாற்றியது. மாறியது ஒரே ஒரு பிட், 01 என்பது 00 ஆனது. ஆனால் எண் மாறிவிட்டதால், ஏற்கெனவே களத்தில் இருக்கும் சென்சார்களை எப்படிப் புதிய எண்ணுக்கு நகர்த்துவது என்பதற்கும் அந்த ஆர்எஃப்சி வழி சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வகை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கதையை உங்கள் குழு முழுவதும் படித்துவிட வேண்டும்.

இப்போது நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். எதுவுமே போகாது என்பது உண்மை கிடையாது. நிறையப் போகாது என்பது உண்மை. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7872, பொது இணையத்தில் இருந்த வலை சர்வர்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஹெடர் வைத்த பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்துப் பதிவு செய்தது. சின்ன டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் ஹெடர் வைத்தபோது பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமான சர்வர்களை எட்ட முடியவில்லை. ஃப்ராக்மென்ட் ஹெடருக்குப் பத்தில் மூன்று. ஹாப்-பை-ஹாப்புக்குப் பத்தில் நான்கு. இதெல்லாம் ஏற்கெனவே தரத்தில் உள்ள, எல்லோருக்கும் தெரிந்த ஹெடர்கள் என்பதை மறக்க வேண்டாம். அளவெடுத்த காலமும் இப்போது பழையதாகிவிட்டது. இந்த விகிதங்கள் இன்று உங்கள் பாதையில் அப்படியே பொருந்தும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஒழுங்கு வரிசையை மட்டும் நான் நம்புகிறேன்: டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் மூன்றிலும் குறைவாக அடிவாங்குகிறது, ஹாப்-பை-ஹாப் அதிகமாக.

ஏன் கைவிடுகிறார்கள் என்று புரிந்துகொள்வது பயனுள்ளது, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் அலட்சியம் கிடையாது. பெரிய ரூட்டரில் பாக்கெட்டைப் பார்ப்பது சிப். அது பாக்கெட்டின் முன்பகுதியில் ஒரு குறிப்பிட்ட அளவு பைட்டை மட்டுமே எடுத்துப் பார்க்கும். டிசிபி போர்ட் எண் அந்த அளவுக்கு அப்பால் போய்விட்டால், போர்ட்டை வைத்து வடிகட்டச் சொன்ன விதியை அதனால் செயல்படுத்த முடியாது. விதியை மீறி அனுப்புவதா, கைவிடுவதா என்றால் கைவிடும்படி அமைத்திருப்பார்கள். சில கருவிகள் இப்படிப்பட்ட பாக்கெட்டை மெதுவான மென்பொருள் பாதைக்குத் தள்ளும். அந்தப் பாதையை யாராவது வேண்டுமென்றே நிரப்பினால் ரூட்டரின் மூளையே திணறும். அதனால் அங்கே அளவுக் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள், அதிலும் பாக்கெட் தொலைந்து போகும். பல இணைப்புகளில் சுமையைப் பங்கிடும் கருவிகளும் போர்ட் எண்ணைத் தேடுகின்றன. ஐபிவி6 அடிப்படை ஹெடரில் 20 பிட் ஃப்ளோ லேபிள் அதற்காகவே இருக்கிறது என்றாலும் எல்லோரும் அதைப் பயன்படுத்துவதில்லை. இந்தக் காரணங்களை எல்லாம் 2021-இன் ஆர்எஃப்சி 9098 நிதானமாக எடுத்துச் சொல்கிறது.

பாதுகாப்புக் காரணமும் நிஜமானது. 2007-இல் ரூட்டிங் ஹெடரின் வகை 0-ஐ வைத்து ஒரே பாக்கெட்டை இரண்டு ரூட்டர்களுக்கு இடையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம் என்று காட்டினார்கள். அதே வருட இறுதியில் ஆர்எஃப்சி 5095 அதற்குத் தடை போட்டது. கல்லூரி ஆய்வகத்திலேயே நடக்கக்கூடிய இன்னொன்று: போலி ரூட்டர் அறிவிப்பைத் தடுக்க ஸ்விட்சில் ஆர்ஏ-கார்டு வைத்திருப்பார்கள். அறிவிப்புக்கு முன்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் ஹெடரைச் செருகினாலோ, துண்டுகளாக உடைத்து அனுப்பினாலோ பல ஸ்விட்சுகள் ஏமாந்தன. 2014-இல் ஆர்எஃப்சி 7112 வந்து, ஹெடர் சங்கிலி முழுவதும் முதல் துண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நீளமான ஹெடர் வடிவமைக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது: ‘வழியில் உள்ள ஒவ்வொரு ரெகுலேட்டர் கேட்வேயும் தன் அளவை அதே பாக்கெட்டில் சேர்த்துவிடும்’. இதை அப்படியே செய்ய வேண்டாம். எந்த எக்ஸ்டென்ஷன் ஹெடரையும் வழியில் உள்ளவர் நுழைக்கவோ, நீக்கவோ கூடாது, ஹாப்-பை-ஹாப் தவிர வேறு எதையும் செயலாக்கவும் கூடாது என்று ஆர்எஃப்சி 8200 தெளிவாகச் சொல்கிறது. நடுவில் பாக்கெட் பெருத்தால், அனுப்பியவர் கணக்கிட்ட அதிகபட்ச அளவு பொய்யாகிவிடும். பிழைச் செய்தி திரும்பி வரும்போது, தான் அனுப்பாத ஒன்றைப் பற்றி அனுப்புநருக்குச் சொல்லும். வழியில் தகவல் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், முதல் முனையம் போதிய இடத்தைக் காலியாக ஒதுக்கி அனுப்ப, நடுவில் உள்ளவர்கள் அதை நிரப்பும் முறை இருக்கிறது. ஐஓஏஎம் என்கிற, பாக்கெட் போகும் வழியிலேயே அளவுகளைச் சேர்க்கும் முறை அப்படித்தான் வேலை செய்கிறது, 2023-இன் ஆர்எஃப்சி 9486-இல் ஐபிவி6-க்கான ஆப்ஷன்கள் உள்ளன. அதுவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள எல்லைக்குள் மட்டும். உங்கள் தேவைக்கு ஒவ்வொரு கேட்வேயும் தனிப் பாக்கெட் அனுப்பினாலே போதும் என்று நினைக்கிறேன். நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் துள்ளும் பொருள் கிடையாது.

சென்சார் பக்க ரேடியோவில் இன்னொரு செலவு இருக்கிறது. ரேடியோ என் தொழில் கிடையாது, ஆனால் பாக்கெட் கணக்கு தெரியும். குறைந்த மின்சார ரேடியோவுக்கான தரமான 802.15.4-இல் ஒரு ரேடியோ சட்டகம் மொத்தமே 127 பைட். அதில் 40 பைட் ஐபிவி6 ஹெடரை அப்படியே வைத்தால் தரவுக்குக் கொஞ்ச இடமே மிஞ்சும் என்பதால்தான் 2011-இன் ஆர்எஃப்சி 6282 சுருக்கும் முறையை வகுத்தது. டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ், ஹாப்-பை-ஹாப், ரூட்டிங் போன்ற சிலவற்றுக்கு அதில் சுருக்கக் குறி உண்டு. நீங்கள் புதிதாக உருவாக்கும் எண்ணுக்குக் கிடையாது. அறியாத எண் வந்ததும் சுருக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். அதன் பின்னால் வரும் யுடிபி ஹெடரும் சுருங்காமல் முழு 8 பைட்டாகவே போகும். புதிய ஹெடர் வைப்பதால் அந்த ஹெடரின் நீளத்தோடு பின்னால் வருவதன் சுருக்கமும் போகிறது. பேட்டரியில் ஓடும் சென்சாருக்கு இது நேரடி நஷ்டம்.

ஆக என்ன செய்யலாம்? நீர்மட்டம் என்பது பயனர் தரவு. அதன் இயல்பான இடம் யுடிபிக்குள், சின்னக் கருவிகளுக்கான கோஏபி போன்ற ஒரு நெறிமுறையின் செய்தியில். ரூட்டரோ கெர்னலோ அந்த எண்ணைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்றால் அது ஐபி அடுக்கில் இருக்கவே வேண்டாம். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் வந்ததா என்று சொல்வதுதான் நோக்கம் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஹெடர்களைப் பற்றி ஆராய்வதே திட்டத்தின் நோக்கம் என்றால், அதுவும் நல்ல நோக்கம்தான், டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸை எடுங்கள். கணக்கு அழகாகப் பொருந்துகிறது: நெக்ஸ்ட் ஹெடர் ஒரு பைட், நீளம் ஒரு பைட், ஆப்ஷன் வகை ஒன்று, ஆப்ஷன் நீளம் ஒன்று, ரெகுலேட்டர் எண் இரண்டு, நீர்மட்டம் இரண்டு. மொத்தம் 8, நிரப்புப் பைட் ஒன்றுகூட வேண்டாம். வகை எண்ணுக்கு 30 வையுங்கள். ஆர்எஃப்சி 4727 சோதனைக்கென்று ஒதுக்கிய எண்களில் ஒன்று அது, முதல் மூன்று பிட்டும் 0. தெரியாதவர் தாண்டிப் போவார், வழியில் மாறாது என்ற பொருளும் அதிலேயே வந்துவிடும். ஐயானாவிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நிரல் எழுதுவதும் எளிது. லினக்ஸில் ஆர்எஃப்சி 3542 சொல்லும் சாக்கெட் ஆப்ஷன் வழியாகவே டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸை இணைக்கலாம், அனுப்பும் பக்கம் ரூட் அனுமதி வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புதிய ஹெடரையும் ஒன்று செய்து பாருங்கள். நெக்ஸ்ட் ஹெடர் எண்ணாக 253 அல்லது 254, இவை சோதனைக்கானவை. அதை ஸ்கேப்பி என்ற பைத்தான் கருவியில் கையாலேயே கட்டலாம். ஒரே சர்வருக்கு மூன்று விதமாக அனுப்புங்கள்: ஹெடர் எதுவும் இல்லாமல், டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸோடு, 253-ஓடு. கல்லூரி இணைப்பிலிருந்து ஒருமுறை, வெவ்வேறு கைபேசி சிம்களிலிருந்து ஒருமுறை. வராமல் போனவற்றுக்கு ஹாப் லிமிட்டை (பாக்கெட் எத்தனை தாவல் போகலாம் என்ற எண்) 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே அனுப்பினால், எந்த ஹாப்பிலிருந்து பதில் நிற்கிறது என்று தெரியும். கைவிடுபவர் அந்த ஹாப்பா அதற்கு அடுத்தவரா என்பதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சில ரூட்டர்கள் பாக்கெட்டை ஒழுங்காக அனுப்பிவிட்டு ஐசிஎம்பி பதில் மட்டும் தராமல் இருக்கும்.

சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பிடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெறுமனே ‘யுடிபி’ என்று வடிகட்டினால் அடிப்படை ஹெடரின் நெக்ஸ்ட் ஹெடரையும், அதை ஒட்டி ஃப்ராக்மென்ட் ஹெடர் வந்தால் அதனுடையதையும் மட்டுமே அது பார்க்கும். நடுவில் வேறு எக்ஸ்டென்ஷன் ஹெடர் இருந்தால் பாக்கெட் வந்தும் உங்கள் திரையில் தெரியாது. சங்கிலியைத் தொடர்ந்து போகும் ‘புரோட்டோசெயின்’ வடிகட்டி தனியாக இருக்கிறது. இல்லாவிட்டால் அனுப்புநரின் முகவரியை வைத்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு பிறகு பிரியுங்கள். 253 வைத்த பாக்கெட் சர்வர் வரை வந்தால், அதற்குக் கெர்னல் அனுப்பும் ஐசிஎம்பி பிழையையும் சேர்த்துப் பிடித்து அறிக்கையில் போடுங்கள். பேராசிரியருக்குக் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது. முடிவுகள் வந்ததும் ஐபி முகவரிகளை மறைத்துவிட்டு, எந்த ஹாப் வரை போனது என்ற அட்டவணையை மட்டும் இங்கேயே பதிவிடுங்கள். 253 எங்கே நின்றது, டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் எங்கே நின்றது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானும் பார்க்க விரும்புகிறேன்.